ஆர்ஓ மெம்பிரேன்ல பாக்டீரியா வழவழப்பு: எந்த அறிகுறிக்கு எங்க பாக்கணும், என்ன பண்ணணும்

ஆர்ஓ ப்ளான்ட் ஓட்டுறவங்க சொல்ற குறை பெரும்பாலும் ஒரே மாதிரி தான் இருக்கும், தண்ணி குறைஞ்சிடுச்சு, ப்ரெஷர் ஏறிடுச்சு, போன மாசம் தான் கிளீன் பண்ணோம் மறுபடியும் அப்படியே வந்து நிக்குதுன்னு. உடனே எல்லாரும் கை வைக்கிறது ஆசிட் கேன்ல. உப்பு படிஞ்சிருக்கும்னு நினைச்சு ஆசிட் ஓட்டுவாங்க, ஒரு வாரம் லேசா தேறின மாதிரி தெரியும், அப்புறம் முன்னைவிட மோசமாயிடும். தயவுசெஞ்சு அதை பண்ணாதீங்க, மெம்பிரேன்ல (தண்ணியை விட்டு உப்பைத் தடுக்கற சுருள்) இருக்கறது பாக்டீரியா படலமா இருந்தா முதல்ல ஆசிட் போடறது அந்த படலத்தை இன்னும் இறுக்கி விட்டுடும், அதுக்கப்புறம் காஸ்டிக் சோடா போட்டாலும் சரியா கழண்டு வராது.

கீழ இருக்கறதெல்லாம் 4 இன்ச், 8 இன்ச் பாலிஅமைட் மெம்பிரேன் போட்ட ப்ளான்ட்டுக்கு. கேன் வாட்டர் யூனிட், அபார்ட்மென்ட் ஆர்ஓ, ஹாஸ்பிடல், சாயப்பட்டறை பொது சுத்திகரிப்பு நிலையம் எல்லாத்துக்கும் அடிப்படை ஒண்ணு தான்.

முதல்ல எதிரி யாருன்னு தெரிஞ்சுக்கோங்க

ஒரு பாக்டீரியா அரை மைக்ரான்லருந்து ரெண்டு மைக்ரான் வரைக்கும் தான் இருக்கும். நீங்க ஹை ப்ரெஷர் பம்ப்புக்கு முன்னாடி போட்டிருக்கறது 5 மைக்ரான் காட்ரிட்ஜ். அதனால அது வழியா தாராளமா போகும், தடுக்கவே முடியாது. போய் மெம்பிரேனுக்கும் அதுமேல இருக்கற வலை மாதிரி ஃபீட் ஸ்பேசருக்கும் நடுவுல ஒட்டும். ஒட்டினதும் தன்னை சுத்தி சர்க்கரைச் சத்து, புரதம் எல்லாம் கலந்த ஒரு கோந்தை விடும், அந்த கோந்து தான் வழவழப்பு. கழுவாம விட்ட தண்ணிக் குடத்துக்குள்ள விரல் விட்டா வழுக்குமே, அதே தான் இது.

மெம்பிரேன்கள்ல திரும்பத் திரும்ப அடையாளம் காணப்பட்ட பேருங்க சிலது இருக்கு. சூடோமோனாஸ், இது எங்க ஈரம் இருக்கோ அங்க இருக்கும், கோந்து விடறதுல கெட்டிக்காரன். ஸ்பிங்கோமோனாஸ், இது புது மெம்பிரேன்ல முதல்ல வந்து ஒட்டுற கூட்டத்துல அடிக்கடி இருக்கும், ரொம்ப கம்மி சாப்பாட்டுலயே உயிர் வாழும், வேற எதுவும் சாப்பிட முடியாத கெமிக்கலைக் கூட சாப்பிடும். அப்புறம் மைக்கோபாக்டீரியம், இதோட மேல்தோல் மெழுகு மாதிரி, குளோரினுக்கு சீக்கிரம் சாகாது. கலிஃபோர்னியாவுல ஆரஞ்ச் கவுன்டின்னு ஒரு இடத்துல 1970கள்லயே கழிவுநீரை ஆர்ஓ பண்ண ஆரம்பிச்சாங்க, அங்க பழைய செல்லுலோஸ் அசிடேட் மெம்பிரேன்ல முதல்ல ஒட்டினது இந்த மைக்கோபாக்டீரியம் தான்னு அப்பவே ஆராய்ச்சி பண்ணி எழுதி வச்சிருக்காங்க.

இதுல நீங்க மனசுல வச்சுக்க வேண்டிய ஒண்ணு, பாக்டீரியாவைக் கொல்றது வேற, படலத்தை எடுக்கறது வேற. கொன்னுட்டு அப்படியே விட்டா செத்த உடம்பும் கோந்தும் அங்கயே இருக்கும், அடுத்து வர்ற பாக்டீரியாவுக்கு அது தான் சாப்பாடு. நிறைய பேர் பயோசைட் (கிருமி நாசினி) மட்டும் ஊத்திட்டு ஏன் சரியாகலைன்னு கேக்கறதுக்கு காரணம் இது தான்.

எதையும் தொடறதுக்கு முன்னாடி இந்த ரெண்டையும் சரி பாருங்க

ஒண்ணு, தண்ணி சூடு. தண்ணி ஒரு டிகிரி குறைஞ்சா ப்ரொடக்ஷன் சுமார் 3 சதவீதம் குறையும். மே மாசம் 32 டிகிரில ஓடின ப்ளான்ட் மார்கழில 25 டிகிரிக்கு வந்தா எந்த கோளாறும் இல்லாமயே கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு தண்ணி குறையும். அதுக்குப் போய் கெமிக்கல் கிளீனிங் பண்ணி மெம்பிரேன் ஆயுசை குறைக்காதீங்க. மெம்பிரேன் கம்பெனிக்காரங்களே நார்மலைஸ் பண்ற எக்செல் ஷீட்டும் சாஃப்ட்வேரும் ஃப்ரீயா தர்றாங்க, சூடு, ப்ரெஷர், டிடிஎஸ் (தண்ணில கரைஞ்ச உப்பு அளவு) எல்லாம் போட்டா முதல் நாள் நிலையோட ஒப்பிட்டு சொல்லிடும், அந்த நம்பரை மட்டும் நம்புங்க.

இன்னொண்ணு, கேஜ். ரெண்டு கேஜ் ஒவ்வொண்ணும் அரை பார் தப்பா காட்டினா உங்க டிபி (ப்ரெஷர் வித்தியாசம்) கணக்கு மொத்தமும் பொய். முடிஞ்சா ஒரே கேஜை ரெண்டு பாயின்ட்லயும் மாத்தி மாத்தி போட்டு பாருங்க.

டிபின்னா ஒரு ஸ்டேஜுக்குள்ள (ஒண்ணா வேலை செய்யற வெசல் வரிசை, வெசல்னா மெம்பிரேன் இருக்கற குழாய்) போற ப்ரெஷருக்கும் ரிஜெக்ட்டா (உப்போட ஒதுக்கற தண்ணி) வெளிய வர்ற ப்ரெஷருக்கும் உள்ள வித்தியாசம். நிறைய சின்ன ப்ளான்ட்ல ஸ்டேஜுக்கு நடுவுல கேஜே வைக்க மாட்டாங்க, அது இல்லாம கண்ணைக் கட்டிட்டு வைத்தியம் பாக்கற நிலைமை தான், இன்னைக்கே ஒரு டீ போட்டு கேஜ் வச்சுடுங்க.

அறிகுறி: முதல் ஸ்டேஜ் டிபி ஏறுது, ஆனா தண்ணி இன்னும் சரியா தான் வருது

இது தான் பாக்டீரியாவோட முதல் கையெழுத்து, இதை கவனிக்கறவங்க ரொம்ப கம்மி. ஏன்னா எல்லாரும் பாக்கறது ப்ரொடக்ஷன் ஃப்ளோமீட்டர் மட்டும். பாக்டீரியா படலம் ஸ்பேசர் வலையில தான் முதல்ல அடைக்கும், தண்ணி போற சந்து குறுகும், அதனால டிபி ஏறும், மெம்பிரேன் வழியா தண்ணி ஊறி வர்றது அப்போதைக்கு பெருசா பாதிக்காது.

அதுவும் முதல் ஸ்டேஜ்ல, அதுலயும் முதல் மெம்பிரேன்ல தான் ஜாஸ்தி இருக்கும், சாப்பாடு முதல்ல வந்து சேர்ற இடம் அது தானே. கடைசி ஸ்டேஜ்ல மட்டும் டிபி ஏறி முதல் ஸ்டேஜ் நல்லா இருந்தா அது பெரும்பாலும் உப்பு படிவு, கால்சியமோ சிலிக்காவோ, அந்தக் கதை வேற, அதுக்கு ஆன்டிஸ்கேலன்ட் (உப்பு படியாம தடுக்கற மருந்து) டோசும் ரெக்கவரியும் (உள்ள போற தண்ணில எத்தனை சதவீதம் நல்ல தண்ணியா எடுக்கறீங்கங்கறது) பாருங்க.

ஒரு விதிவிலக்கு இருக்கு. டிபி திடீர்னு ஒரே நாள்ல குதிச்சா பாக்டீரியா இல்ல, காட்ரிட்ஜ் சரியா உக்காராம அழுக்கோ கார்பன் தூளோ உள்ள போயிருக்கும், இல்ல பிரைன் சீல் (மெம்பிரேனுக்கும் வெசலுக்கும் நடுவுல இருக்கற ரப்பர் வளையம்) புரண்டிருக்கும். பாக்டீரியா நாள் நாளா ஏத்தும், முதல்ல மெதுவா அப்புறம் வேகமா.

என்ன பண்ணணும்: ஆரம்ப நிலையை விட நார்மலைஸ்டு டிபி 10 லருந்து 15 சதவீதம் ஏறினதும் கிளீன் பண்ணிடுங்க, காத்திருக்காதீங்க. படலம் இளசா இருக்கும்போது கழண்டு வந்துடும், முத்திப் போச்சுன்னா சந்து அடைஞ்சு கிளீனிங் கெமிக்கலே அந்த இடத்துக்கு போகாது, திறந்திருக்கற பக்கமா ஓடி வெளிய வந்துடும். ஒரு வெசலுக்கு 3.5 பார், ஒரு மெம்பிரேனுக்கு 1 பார், இதுக்கு மேல டிபி போனா மெம்பிரேன் சுருள் முன்னாடி துருத்திட்டு வந்துடும், டெலஸ்கோப் ஆயிடுச்சும்பாங்க, அந்த மெம்பிரேனை தூக்கி போட வேண்டியது தான்.

அறிகுறி: தண்ணி குறையுது, ப்ரெஷர் ஏத்தி ஏத்தி ஓட்ட வேண்டியிருக்கு

டிபி ஏறி சில வாரம் கழிச்சு இது வந்தா சந்தேகமே வேண்டாம். ஆனா டிபி அசையாம தண்ணி மட்டும் குறைஞ்சா அது எண்ணெய், கேட்டயானிக் (பாசிட்டிவ் சார்ஜ் உள்ள) பாலிமர், ஹ்யூமிக் (மக்கின இலை தழை சத்து) மாதிரி ஆர்கானிக் சமாச்சாரம் மெம்பிரேன் மேல மெல்லிசா பூசிட்டதா இருக்கலாம். முன்னாடி கிளாரிஃபையர்ல (அழுக்கை அடியில தங்க வைக்கற தொட்டி) பாலிமர் போடறவங்க இதை முதல்ல பாருங்க.

பாக்டீரியாவா இல்லையான்னு உறுதி பண்ண ஒரு வெசலோட ஃபீட் பக்க மூடியைத் திறங்க. என்ட் கேப் உள் பக்கத்தையும் மெம்பிரேன் முகத்தையும் விரலால தடவுங்க, கிளவுஸ் போட்டுக்கோங்க. வழுக்குதா, பூஞ்சை பிடிச்ச வாடை வருதா, பழுப்பாவோ சாம்பலாவோ ஜெல்லி மாதிரி வருதா. கொஞ்சம் சுரண்டி ரெண்டா பிரிச்சு ஒண்ணுல ரெண்டு சொட்டு ஹைட்ரோகுளோரிக் ஆசிட் விடுங்க, பொங்கினா கார்பனேட். இன்னொண்ணை காய வச்சு நெருப்புல காட்டுங்க, முடி கருகின வாடை வந்தா அது உயிருள்ளது விட்டுட்டு போன புரதம், பாக்டீரியா படலம் தான். லேபுக்கு அனுப்ப வசதி இருந்தா எரிச்சதுல எவ்வளவு எடை குறையுதுன்னும் ஏடிபி (உயிருள்ள செல் இருக்கறதைக் காட்டற பொருள்) அளவும் கேளுங்க, ஆனா இந்த விரல் சோதனையும் நெருப்பு சோதனையும் பாதி விஷயத்தை அங்கயே சொல்லிடும்.

இந்த நேரத்துல எஸ்டிஐ எடுத்து 3க்கு கீழ இருக்கு அதனால தண்ணி நல்ல தண்ணி தான்னு சொல்றவங்க இருக்காங்க. எஸ்டிஐ 0.45 மைக்ரான் ஃபில்டர் எவ்வளவு சீக்கிரம் அடையுதுன்னு பாக்கற சோதனை, துகளைக் காட்டும். தண்ணில கரைஞ்சிருக்கற பாக்டீரியா சாப்பாட்டை அது காட்டவே காட்டாது. எஸ்டிஐ அருமையா இருந்து மெம்பிரேன் சளி மாதிரி அடைச்ச ப்ளான்ட் நிறைய.

அறிகுறி: டிடிஎஸ்ஸும் சேர்ந்து ஏறுது

இங்க நிதானமா இருங்க, ஏன்னா ரெண்டு எதிரெதிர் காரணம் இருக்கு.

தண்ணி குறைஞ்சு டிடிஎஸ் ஏறினா படலம் காரணமா இருக்கலாம். மெம்பிரேன் முகத்துல சேர்ற உப்பு திரும்ப ஓடற தண்ணில கலந்து போகணும், படலம் மேல மூடிட்டதால அது போக முடியாம அங்கயே தேங்கும், உப்பு செறிவு ஏறும், அதனால ஊறி வர்றதும் ஏறும், எதிர்த்து தள்ற ஆஸ்மாட்டிக் ப்ரெஷரும் ஏறும். கிளீன் பண்ணினா இறங்கிடும்.

தண்ணி கூடி டிடிஎஸ்ஸும் கூடினா பெரும்பாலும் குளோரின் மெம்பிரேனை அரிச்சுடுச்சு. இதுக்கு வைத்தியம் கிடையாது. பாலிஅமைட் மெம்பிரேன் குளோரினை தாங்காது, ஃபீட்ல 0.1 பிபிஎம் கூட வரக்கூடாது, இரும்பும் சேர்ந்து இருந்தா இன்னும் வேகமா அரிக்கும். பாக்டீரியா இருக்குன்னு கேள்விப்பட்டதும் ஹைப்போவை (குளோரின் கரைசல்) சிஐபி டேங்க்ல (மெம்பிரேனை கழட்டாம கழுவற கெமிக்கல் டேங்க்) ஊத்தி ஓட்டுறவங்களை பாத்தா வயிறு எரியுது, ஒரு செட் மெம்பிரேன் விலை என்னன்னு தெரிஞ்சும் பண்றாங்க. வேண்டவே வேண்டாம்.

அறிகுறி: காட்ரிட்ஜ் வாரா வாரம் அடைக்குது, தொட்டா வழுக்குது

அப்ப பாக்டீரியா தொழிற்சாலை மெம்பிரேனுக்கு முன்னாடியே ஓடுதுன்னு அர்த்தம். நான் முதல்ல பாக்க சொல்றது கார்பன் ஃபில்டர். கார்பன் குளோரினை எடுத்துடும், ஆர்கானிக்கை பிடிச்சு வச்சுக்கும், ஒவ்வொரு துகளும் ஓட்டை ஓட்டையா இருக்கும். சாப்பாடும் வீடும் குடுத்து காவலையும் எடுத்துட்டா பாக்டீரியாவுக்கு வேற என்ன வேணும். கார்பனுக்கு முன்னாடியும் பின்னாடியும் பாக்டீரியா எண்ணிக்கை எடுத்து பாருங்க, பின்னாடி பல மடங்கு இருந்தா விஷயம் அங்க தான். பேக்வாஷை ஒழுங்கா பண்ணுங்க, கார்பனை காலாகாலத்துல மாத்துங்க. மருந்து கம்பெனிங்க 80 டிகிரி சுடுதண்ணி விட்டு கார்பனை சானிடைஸ் பண்றாங்க, அந்த வசதி இருக்கற வெசல் வேணும், பிளாஸ்டிக் எஃப்ஆர்பி வெசல்ல அதை பண்ணிடாதீங்க.

குளோரின் எடுக்க மட்டும் தான் கார்பன் இருக்குன்னா அதை எடுத்துட்டு எஸ்எம்பிஎஸ் (சோடியம் மெட்டாபைசல்ஃபைட், குளோரினை நீக்கற உப்பு) டோசிங்குக்கு மாறலாம். கணக்குப்படி 1 பிபிஎம் குளோரினுக்கு 1.34 பிபிஎம் எஸ்எம்பிஎஸ் போதும், நடைமுறையில 3 பிபிஎம் வரைக்கும் போடுவாங்க. டோஸ் பண்ற இடத்தை காட்ரிட்ஜுக்கு அப்புறம் வைங்க, அப்ப தான் காட்ரிட்ஜ் வரைக்கும் குளோரின் இருந்து அந்த இடம் சுத்தமா இருக்கும், கூடவே நல்லா கலக்க ஒரு ஸ்டேட்டிக் மிக்சரும் குளோரின் மிச்சம் தெரிஞ்சா பம்ப்பை நிறுத்தற மாதிரி ஓஆர்பி மீட்டரும் கட்டாயம் வேணும்.

அடுத்தது டோசிங் டேங்க். இதை யாருமே திறந்து பாக்கறதில்ல. எஸ்எம்பிஎஸ்ஸை 2 சதவீதமா கலக்கி வச்சா மூணு நாள், 10 சதவீதம்னா ஒரு வாரம், அதுக்கு மேல காத்து பட்டு வீரியம் போயிடும். ஆன்டிஸ்கேலன்ட்டை போர் தண்ணில பத்து மடங்குக்கு மேல நீர்க்க கலக்கி மாசக்கணக்குல வச்சா அந்த டேங்க் அடியிலயே வழவழப்பு வளரும், நீங்களே பம்ப் வச்சு பாக்டீரியாவை மெம்பிரேனுக்கு அனுப்பற நிலைமை. ஆர்ஓ தண்ணில கலக்குங்க, தேவைக்கு மட்டும் கலக்குங்க, டேங்க்கை மூடி வைங்க, வெயில் படாம வைங்க.

இன்னும் பழைய எஸ்எச்எம்பி (சோடியம் ஹெக்சாமெட்டாஃபாஸ்பேட், ஒரு ஆன்டிஸ்கேலன்ட்) போடறவங்க இருந்தா மாத்திடுங்க. அது தண்ணில உடைஞ்சு ஃபாஸ்பேட்டா மாறும், ஃபாஸ்பேட் பாக்டீரியாவுக்கு உரம். நெதர்லாந்துல பண்ணின ஆராய்ச்சிகள்ல ஃபீட் தண்ணில ஃபாஸ்பேட்டை ரொம்ப கம்மி பண்ணினப்போ மத்த சாப்பாடு இருந்தும் டிபி ஏறாம இருந்ததை காட்டியிருக்காங்க.

அறிகுறி: திறந்தா அழுகின முட்டை வாடை, கறுப்பு படிவு

இது ஆக்சிஜன் இல்லாத இடத்துல வாழற சல்ஃபேட் ரெட்யூசர் கூட்டம், டீசல்ஃபோவிப்ரியோ மாதிரி. தண்ணில இருக்கற சல்ஃபேட்டை ஹைட்ரஜன் சல்ஃபைடா மாத்தும், இரும்பு இருந்தா கறுப்பா படியும். காரணம் பெரும்பாலும் ரெண்டு, ஒண்ணு எஸ்எம்பிஎஸ்ஸை அளவுக்கு மீறி போட்டு ஆக்சிஜனையும் சேர்த்து தின்ன வச்சது, இன்னொண்ணு ப்ளான்ட்டை நிறுத்தி ரா தண்ணியோட அப்படியே வச்சது.

இதுல உயிர் சம்பந்தப்பட்ட ஒரு எச்சரிக்கை இருக்கு. கறுப்பு படிவு மேல ஆசிட் ஊத்தாதீங்க, ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு வரும், மூடின ரூம்னா மயக்கம் போட்டு விழறதுக்கு நேரமே எடுக்காது. எஸ்எம்பிஎஸ் டேங்க்கோட ஆசிட் கலந்தாலும் கந்தக வாயு வரும். சிஐபி ரூம்ல காத்தோட்டம் இல்லாம ஹெல்ப்பரை தனியா நிக்க வைக்கிறதை நிறுத்துங்க.

அறிகுறி: செம்மண் நிறத்துல பஞ்சு மாதிரி வழவழப்பு

போர்வெல்லுலருந்து வர்ற இரும்பு பாக்டீரியா, காலியோனெல்லா, லெப்டோத்ரிக்ஸ். கரைஞ்ச இரும்பை துருவா மாத்தி தன்னை சுத்தி கட்டிக்கும். இதுக்கு மெம்பிரேனை மட்டும் கிளீன் பண்ணி பலன் இல்ல, போர்வெல்லுக்கு ஷாக் குளோரின் (ஒரே தடவையா அதிக அளவு) போட்டு, காத்து ஏத்தி இரும்பு எடுக்கற ஃபில்டரை சரி பண்ணி, அதுக்கப்புறம் மெம்பிரேனுக்கு வாங்க. முதல்ல காஸ்டிக் ரவுண்டு, நல்லா அலசிட்டு, அடுத்து சோடியம் ஹைட்ரோசல்ஃபைட் 1 சதவீதம் பிஎச் 5ல, துருவை அது கரைச்சு எடுக்கும்.

கிளீன் பண்ற முறை, இங்க தான் நிறைய பேர் சறுக்கறாங்க

வரிசை: காஸ்டிக் முதல்ல, ஆசிட் ரெண்டாவது, தேவைப்பட்டா மட்டும். உங்க மெம்பிரேன் டேட்டா ஷீட்ல பிஎச், சூடு எல்லை போட்டிருக்கும், நான் சொல்ற நம்பரை அதோட ஒப்பிட்டு எது கம்மியோ அதை எடுத்துக்கோங்க.

ஆர்ஓ தண்ணில தான் கலக்கணும், போர் தண்ணில காஸ்டிக் போட்டா சுண்ணாம்பு அங்கயே படிஞ்சு நீங்களே ஸ்கேல் உண்டாக்கிடுவீங்க. 8 இன்ச் மெம்பிரேன் ஒண்ணுக்கு சுமார் 40 லிட்டர், 4 இன்ச்சுன்னா சுமார் 10 லிட்டர், பைப்புல நிக்கறதை தனியா சேத்துக்கோங்க. 100 லிட்டருக்கு காஸ்டிக் சோடா 100 கிராம், எஸ்எல்எஸ்னு கடையில கிடைக்கற சோடியம் லாரில் சல்ஃபேட் 25 கிராம், பிஎச் 12 கிட்ட வரும். காஸ்டிக்கை தண்ணில போடுங்க, தண்ணியை காஸ்டிக்ல ஊத்தாதீங்க, கண்ணாடி போட்டுக்கோங்க. எஸ்எல்எஸ்ஸுக்கு பதிலா துணி துவைக்கற பவுடரோ கேட்டயானிக் சோப்போ போட்டா மெம்பிரேன் தண்ணி விடறது நிரந்தரமா குறைஞ்சிடும்.

சூடு 35 டிகிரி வரைக்கும் கொண்டு போங்க, அதுக்கு மேல வேண்டாம். குளிர்ந்த காஸ்டிக்ல வழவழப்பு அசையாது, சூடு தான் பாதி வேலையை பண்ணுது, ஹீட்டர் இல்லாத சிஐபி டேங்க்கா இருந்தா சுத்தமான சுடுதண்ணி கலந்தாவது கொண்டு வாங்க.

ப்ரெஷர் கம்மியா, ஃப்ளோ ஜாஸ்தியா. 8 இன்ச் வெசல் ஒண்ணுக்கு மணிக்கு 7 லருந்து 9 ஆயிரம் லிட்டர், 4 இன்ச்சுக்கு 2 ஆயிரம் லிட்டர் கிட்ட, ப்ரெஷர் 4 பாருக்கு கீழ. ப்ரெஷர் ஏத்தினா அழுக்கை மெம்பிரேன் மேல திரும்ப அழுத்தி ஒட்ட வைப்பீங்க. ஃப்ளோவை மெதுவா ஏத்துங்க, ஆரம்பத்துலயே முழுசா திறந்தா கழண்டு வர்ற கட்டி எல்லாம் ஒரே இடத்துல போய் அடைக்கும். முதல்ல திரும்பி வர்ற அஞ்சுல ஒரு பங்கு காபி டிகாக்ஷன் நிறத்துல வரும், அதை டேங்க்குக்கு விடாம டிரெய்ன் பண்ணுங்க. ஒவ்வொரு ஸ்டேஜையும் தனித்தனியா பண்ணுங்க, முதல் ஸ்டேஜ் அழுக்கை ரெண்டாவது ஸ்டேஜுக்கு அனுப்பாதீங்க.

அரை மணியிலருந்து ஒரு மணி நேரம் சுத்த விட்டு பம்ப்பை நிறுத்தி ஊற விடுங்க. முத்தின படலத்துக்கு ராத்திரி முழுக்க ஊற வைக்கலாம், இடையில லேசா சுத்த விட்டுட்டே இருந்தா சூடு இறங்காது. காலையில மறுபடி வேகமா அரை மணி நேரம், அப்புறம் ஆர்ஓ தண்ணில அலசல். பிஎச் பாதியில இறங்கிடுச்சுன்னாலோ கரைசல் கறுத்துப் போச்சுன்னாலோ அதுலயே ஓட்டாதீங்க, புதுசா கலக்குங்க.

படலம் வெளிய போனதுக்கு அப்புறம் தான் கிருமி நாசினி. டிபிஎன்பிஏ (மெம்பிரேனை அரிக்காத பயோசைட்) 100 லருந்து 150 பிபிஎம், அரை மணி நேரம், அப்போ எஸ்எம்பிஎஸ் டோசிங்கை நிறுத்திடணும், ரெண்டும் சேர்ந்தா டிபிஎன்பிஏ வீணாயிடும். பிஎச் 9 தண்ணில அது நிமிஷக்கணக்குல உடைஞ்சிடும், அதனால காஸ்டிக்கை நல்லா அலசிட்டு போடுங்க. குடிக்கற தண்ணி ப்ளான்ட்டா இருந்தா ப்ரொடக்ஷனை நிறுத்திட்டு பண்ணி, நல்லா அலசி, அந்த தண்ணியை டிரெய்ன்ல விட்டுட்டு தான் டேங்க்குக்கு திருப்பணும். ஹைட்ரஜன் பெராக்சைடு போடறவங்க 0.2 சதவீதம் தாண்டாதீங்க, 25 டிகிரி தாண்டாதீங்க, இரும்பு துளி கூட இருக்கக்கூடாது.

அறிகுறி: கிளீன் பண்ணி ஒரு வாரத்துல மறுபடி அதே நிலைமை

ஒண்ணு கிளீனிங் அரைகுறை, இல்ல சாப்பாடு நிக்கல. முதலாவதை கண்டுபிடிக்க கிளீனிங் முடிஞ்ச அன்னைக்கு டிபி எவ்வளவுன்னு பாருங்க, புது மெம்பிரேன் அன்னைக்கு இருந்த டிபிக்கு திரும்ப வரலைன்னா உள்ள இன்னும் படலம் இருக்கு, திரும்ப பண்ணுங்க.

டிபி நல்லா இறங்கி, அப்புறம் வேகமா ஏறினா சாப்பாட்டை தேடுங்க. கழிவுநீர் ஆர்ஓவுல இது தான் நிரந்தர போராட்டம். திருப்பூர்ல 2011 ஹைகோர்ட் உத்தரவுக்கு அப்புறம் சொட்டு கழிவு கூட வெளிய விடக்கூடாதுங்கற நிலைமையில சாயக்கழிவை பயாலஜிக்கல் டேங்க்ல சுத்தம் பண்ணி தான் ஆர்ஓவுக்கு அனுப்பறாங்க, அந்த பயாலஜிக்கல் டேங்க் ஒரு நாள் சரியா வேலை செய்யலைன்னா மிச்ச பிஓடி (பாக்டீரியா சாப்பிடற கரிமக் கழிவு) முழுக்க மெம்பிரேனுக்கு விருந்து. சென்னையில கோயம்பேடு, கொடுங்கையூர் நிலையங்கள் சாக்கடை தண்ணியை ஆர்ஓ பண்ணி தொழிற்சாலைக்கு தருது, அந்த மாதிரி தண்ணிக்கு முன்னாடி அல்ட்ராஃபில்ட்ரேஷன் (பாக்டீரியாவையே வடிகட்டற நுண்ணிய ஃபில்டர்) இல்லாம நினைச்சே பாக்க முடியாது. ஆரஞ்ச் கவுன்டியில 2008ல தொடங்கின பெரிய ப்ளான்ட்ல குளோராமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது) தொடர்ந்து வச்சு ஓட்டறாங்க, பாலிஅமைட் குளோரினை தாங்காட்டியும் குளோராமினை நல்லாவே தாங்கும். ஆனா அதுல தனிக்குளோரின் மிச்சம் இருக்கக்கூடாது, இரும்பும் இருக்கக்கூடாது, அளவு பாக்க ஆளும் மீட்டரும் இல்லாத சின்ன ப்ளான்ட்டுக்கு நான் சிபாரிசு பண்ண மாட்டேன்.

இன்னொரு விஷயம் கேக்க முரணா இருக்கும். தொடர்ந்து குளோரின் போட்டு கடைசில எஸ்எம்பிஎஸ் போட்டு எடுக்கற சில கடல்நீர் ப்ளான்ட்டுகள்ல பாக்டீரியா தொல்லை கூடியிருக்கு. குளோரின் பெரிய ஆர்கானிக்கை உடைச்சு பாக்டீரியா சுலபமா சாப்பிடற துண்டாக்கிடும், அதுக்கப்புறம் குளோரினையும் எடுத்துட்டா பிழைச்சதுக்கெல்லாம் கொண்டாட்டம். அதனால பல இடத்துல தொடர்ந்து போடறதை விட்டுட்டு அப்பப்போ ஷாக்கா போடற முறைக்கு மாறிட்டாங்க. கடல்ல பாசி பொங்கற காலம் இன்னும் மோசம், 2008, 2009ல வளைகுடாவுல கோக்லோடினியம் பாசி பொங்கினப்போ சில ப்ளான்ட்டை மூடவே வேண்டியதாச்சு.

அறிகுறி: நாலு நாள் லீவுக்கு அப்புறம் ஸ்டார்ட் பண்ணா டிபி எகிறி இருக்கு

பொங்கல், தீபாவளி முடிஞ்சதும் வர்ற கேஸ் இது. நிக்கற தண்ணி, சூடு, உள்ள சாப்பாடு, வேற எதுவும் தேவையில்ல. தினமும் நிறுத்தறப்போ ஆர்ஓ தண்ணியால அலசி நிறுத்துங்க. ஒரு நாளுக்கு மேல நிக்கும்னா தினமும் ஒரு தடவை அலசுங்க. அதுக்கு ஆள் இல்லைன்னா 1 லருந்து 1.5 சதவீதம் எஸ்எம்பிஎஸ் ஃபுட் கிரேடு கரைசல் நிரப்பி, காத்து இல்லாம வால்வ் எல்லாம் மூடி வைங்க, வாரம் ஒரு தடவை பிஎச் பாருங்க, 3க்கு கீழ போச்சுன்னா மாத்துங்க. திரும்ப ஓட்டறப்போ ஆரம்ப தண்ணியை ஒரு மணி நேரமாவது டிரெய்ன் பண்ணுங்க.

அறிகுறி: மெம்பிரேன் நல்லா இருக்கு, ஆனா தண்ணி டெஸ்ட்ல ஃபெயில்

கேன் வாட்டர் யூனிட்டுகளுக்கு இது தலைவலி. கேன் தண்ணிக்கான இந்திய தரநிலை ஐஎஸ் 14543 படி 250 மில்லியில சூடோமோனாஸ் ஏருகினோசா இருக்கவே கூடாது. ஆர்ஓ எல்லாத்தையும் பிடிச்சுடுமே எப்படி வந்துச்சுன்னு கேப்பீங்க. மெம்பிரேன் உப்பைத் தடுக்கற சாதனம், கிருமிக்கு அது முழு உத்தரவாதம் இல்ல, ஒரு ஓ ரிங் கசிஞ்சாலும் ஒட்டு விட்டாலும் உள்ள வரும், வந்ததுக்கு அப்புறம் குளோரின் இல்லாத ப்ரொடக்ட் பைப், டேங்க், அதுக்கப்புறம் இருக்கற கார்பன் கேண்டில், ஃபில்லிங் நாசில் எல்லாம் அதுக்கு வீடு தான்.

சாம்பிளை ஒரே இடத்துல எடுக்காதீங்க. மெம்பிரேன் வெளிய வர்ற இடம், டேங்க் உள்ள வர்ற இடம், டேங்க் வெளிய, யூவிக்கு அப்புறம், நாசில், எல்லா இடத்துலயும் ஒரே நாள்ல எடுங்க. டேங்க் வரைக்கும் சுத்தமா இருந்து நாசில்ல வந்தா யூவி விளக்கை மாத்தி பிரயோஜனம் இல்ல, ஏன்னா யூவி தன் முன்னாடி போற தண்ணியை மட்டும் தான் கவனிக்கும், அதுக்கு அப்புறம் பைப்புல ஒட்டி இருக்கற படலத்தை அது தொடவே தொடாது. அந்த பைப்பை கழட்டி காஸ்டிக்ல கழுவி, அலசி, அப்புறம் சானிடைஸ் பண்ணணும், தண்ணி ஓடாம நிக்கற முட்டு பைப் எங்கயாவது இருந்தா அதை வெட்டி எடுத்துடுங்க. வெசல் வெசலா பெர்மியேட் (நல்ல தண்ணி) கண்டக்டிவிட்டி (உப்பு அளவைக் காட்டறது) எடுத்து ஒண்ணு மட்டும் தனியா ஏறி இருந்தா அந்த வெசலோட ஓ ரிங்கை மாத்திட்டு மறுபடி சாம்பிள் அனுப்புங்க, ரிசல்ட் வர்ற வரைக்கும் அந்த லைன் தண்ணியை கேன்ல அடைச்சு வெளிய அனுப்பாதீங்க.